ஆலமரத்துப் புனிதரும் நம் கல்லறைத் தோட்டமும்

சென்ற ஆண்டு கல்லூரிச் சேர்க்கை நடந்துகொண்டிருந்த நாட்களில், ஆவடியில் நம் பங்கைச் சேர்ந்த ஒரு தந்தை தம் மகளுடன் நம்மைக் காண வந்தார். கனரக வாகனத் தொழிற்சாலையில் நெடுங்காலம் உழைத்து ஓய்வு பெற்றவர். தென் மாவட்டத்திலிருந்து வந்து இங்கே குடியேறியவர். மகள் பட்டப்படிப்பை நல்ல மதிப்பெண்களோடு முடித்துவிட்டு, சென்னைப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் முதுகலை பயில விரும்பினாள். இப்படிப்புக்கு வேலை கிடைக்குமா என்ற கவலை தந்தைக்கு இருந்தது. ஆயினும் அவர் நம்மிடம் கேட்டது அதுவன்று. “கோயிலையும் கும்பிடுவதையும் கூறுபோட்டுப் பார்க்கிற படிப்பு என்கிறார்களே, சாமி. பிள்ளையின் விசுவாசத்தைக் கெடுத்துவிடாதா?” என்று கேட்டார். மகள் ஒன்றும் பேசவில்லை. தான் அப்போது படித்துக்கொண்டிருந்த ஒரு நூலை, “நீங்களும் படித்துப் பாருங்கள், சாமி” என்று மேசைமீது வைத்துவிட்டுச் சென்றாள்.

அந்நூலைப் படித்து முடிக்க நமக்கு ஏறக்குறைய மூன்று மாதங்கள் ஆயின. நூலைப் பற்றிய நம் கருத்தையும், அத்தந்தையின் கேள்விக்கு நமக்குத் தோன்றிய விடையையும் இங்கே முன்வைக்கிறோம்.

அச்சத்தின் வேர்

தந்தையின் அச்சம் அடிப்படையற்றது என்று தள்ளிவிட இயலாது. சமூகவியலின் மூலவர்களுள் ஒருவராகிய பிரெஞ்சு அறிஞர் எமில் டர்க்கைம், சமய வாழ்வின் அடிப்படை வடிவங்களைப் பற்றி 1912இல் வெளியிட்ட நூலில் ஒரு பெரிய முடிவைச் சொன்னார். மனிதர் ஒன்றுகூடி வழிபடும்போது அவர்கள் அறியாமலே தங்கள் சமுதாயத்தையே வழிபடுகிறார்கள் என்பது அம்முடிவின் சாரம். ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் வழிபாட்டை ஆதாரமாகக் கொண்டு எழுதிய அவர், ஒருமுறைகூட அம்மக்களிடையே சென்று வாழ்ந்தவரல்லர். பிறர் எழுதியவற்றைப் படித்து, அவற்றின்மேல் தம் கோட்பாட்டை எழுப்பினார். இதனை முதன்முதலாகப் படிக்கும் இளம் உள்ளம் தடுமாறுவது இயல்பே.

ஆனால் இத்துறையின் கதை அங்கே முடியவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் மானிடவியல் கற்பித்த எவன்ஸ் பிரிச்சர்ட் சூடான் நாட்டு நூவர் மக்களிடையே சென்று, அவர்கள் மொழியைக் கற்று, அவர்களோடு வாழ்ந்தவர். 1944இல் அவர் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். நூவர் மக்களின் சமயத்தைப் பற்றி 1956இல் அவர் எழுதிய நூல், அம்மக்களின் இறையுணர்வை மதித்து ஆராய்கிறது. வழிபாட்டின் புறவடிவங்களையும் அவற்றின் பொருளையும் எடுத்துரைத்த பின், அதற்கு அப்பாலுள்ளதைக் கூறுவது இறையியலாரின் பணி என்று அவர் தம் எழுத்தை நிறுத்திக்கொள்கிறார். தன் எல்லையை அறிந்த அறிவு விசுவாசத்திற்குப் பகையன்று. ‘நினைவில் நின்ற ஊர்’ எனத் தமிழில் சொல்லத்தக்க நூலை 1976இல் எழுதிய நம் நாட்டு அறிஞர் எம்.என். சீனிவாஸுக்கு ஆக்ஸ்ஃபோர்டில் வழிகாட்டியவர்களுள் எவன்ஸ் பிரிச்சர்டும் ஒருவர்.

திருச்சபையும் இவ்வறிவை அஞ்சி ஒதுக்கவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏடு, மேய்ப்புப் பணியில் இறையியலோடு உளவியல், சமூகவியல் ஆகியவற்றின் முடிவுகளையும் அறிந்து பயன்படுத்த வேண்டும் என்கிறது. அது குருக்களாகிய நமக்கே இடப்பட்ட பணி. குருமடத்தில் நாம் அதனைத் தேர்வுக்காகப் படித்தோம். தேர்வு முடிந்ததும் மூடிவைத்தோம்.

நம் முன்னோடிகள்

மக்களிடையே வாழ்ந்து அவர்தம் வழக்கங்களை எழுதிவைத்தவர்களுள் மறைப்பணியாளர்களுக்கு முதன்மையான இடம் உண்டு. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி பூணூலும் குடுமியும் சமய அடையாளங்களா, சமுதாய அடையாளங்களா என்று நூல்களை அலசி வாதிட்டார். 1792இல் இந்தியாவுக்கு வந்து மைசூர்ப் பகுதியில் உழைத்த துபுவா அடிகளார் இந்துக்களின் பழக்க வழக்கங்களைப் பற்றி எழுதிய கையெழுத்துப் படியைச் சென்னை அரசு 2000 வராகன் கொடுத்து வாங்கிற்று. ஆங்கில வடிவம் 1816இல் லண்டனில் அச்சேறியது. அந்நூலின் பெரும்பகுதி கூர்து என்னும் முன்னைய இயேசு சபைக் குருவின் எழுத்திலிருந்து பெயர் சொல்லாமல் எடுக்கப்பட்டது என்பதை 1987இல் சில்வியா மூர் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். பிறருடைய வாழ்வை எழுதுகிறவன் எவருக்கெல்லாம் கடன்பட்டிருக்கிறான் என்ற கேள்வி இத்துறையில் பழமையானது. நம் கையில் கிடைத்த நூலுக்கும் அக்கேள்வி பொருந்தும்.

நூலைப் பற்றி

டேவிட் மோஸ் லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கீழ்த்திசை, ஆப்பிரிக்க ஆய்வுக் கல்லூரியின் மானிடவியல் பேராசிரியர். 1980களின் தொடக்கத்தில் இளம் ஆய்வு மாணவராக இராமநாதபுரச் சீமைக்கு வந்து, இந்துக்களும் கத்தோலிக்கரும் கலந்து வாழும் ஒரு சிற்றூரில் தங்கினார். அவ்வூருக்கு ‘ஆலபுரம்’ என்று அவரே ஒரு மறைபெயர் சூட்டியிருக்கிறார். பின்னர் பலமுறை திரும்பி வந்து, கால்நூற்றாண்டுக்கு மேற்பட்ட பழக்கத்தின் பயனாக 2012இல் இந்த ஆங்கில நூலைக் கலிபோர்னியா பல்கலைக்கழக வெளியீடாகக் கொணர்ந்தார். நூலின் பெயரைத் தமிழில் ‘ஆலமரத்துப் புனிதர்’ எனலாம். அவ்வூரின் பாதுகாவலராகிய புனித சந்தியாகப்பரே அப்புனிதர்.

சந்தியாகப்பர் திருவிழாவைப் பற்றி அவர் எழுதும்போது, நம் தென் மாவட்டத்து வாசகர் பலர் தம் சொந்த ஊரையே காண்பர். கொடியேற்றம், நவநாள், சப்பரம், மண்டகப்படி, முதல் மரியாதை ஆகிய யாவும் அங்கே உள்ளன. யார் முதலில் மாலை பெறுவது, யார் சப்பரத்தைத் தொடுவது, எந்தத் தெருவழியே அது செல்வது, எந்தத் தெருவுக்குச் செல்லாதிருப்பது என்பவற்றில் ஊரின் சாதி வரிசை ஆண்டுதோறும் எவ்வாறு அரங்கேறியது என்று நூல் காட்டுகிறது. திருவிழா பக்தியை மட்டும் சுமந்து வரவில்லை. யார் உயர்ந்தவர், யார் தாழ்ந்தவர் என்ற கணக்கையும் சுமந்து வந்தது. பிறகு குருக்கள் அம்மரியாதைகளை நிறுத்த முற்பட்டதும், ஒடுக்கப்பட்ட மக்கள் சமத்துவம் கேட்டுப் போராடியதும், பின்னாளில் குருக்களும் துறவியரும் சிலர் அப்போராட்டத்தில் தோள்கொடுத்ததும் வரிசையாகச் சொல்லப்படுகின்றன.

நூலின் மையக் கருத்து இது. நொபிலி காலம் தொட்டு மறைப்பணியாளர் சாதியைச் சமயத்தினின்று பிரித்து, அதனை உலகியல் சார்ந்த வழக்கமாகக் கருதினர். 1623இல் பதினைந்தாம் கிரகோரி திருத்தந்தை நொபிலியின் முறைகளுக்கு இசைவளித்தபோது இப்பகுப்பு வேரூன்றியது. இப்பகுப்பால் சாதி கோயிலுக்குள் இடம்பெற முடிந்தது. அதே பகுப்பால், சாதி கடவுள் ஏற்படுத்தியதன்று, மனிதர் ஏற்படுத்தியது. ஆகவே மனிதரால் மாற்றத்தக்கது என்ற எண்ணமும் பின்னாளில் வளர வழி பிறந்தது. கிறிஸ்தவம் சாதிக்குப் பணிந்ததா, சாதியை எதிர்த்ததா என்ற பழைய வினாவுக்கு ‘இரண்டுமே’ என்று சான்றுகளோடு விடை கூறுவது நூலின் தனிச்சிறப்பு. திருச்சபையைத் தாக்கவோ புகழவோ எழுதிய நூல்களே நமக்குப் பழக்கம். இந்நூல் அவ்விரண்டு வகையிலும் சேராது.

இனி நம் கருத்து வேறுபாடுகள்.

முதலாவது, நடை. துறைச் சொற்கள் செறிந்த வாக்கியங்களைக் கடந்துதான் ஆலபுரத்து மக்களைச் சந்திக்க வேண்டியிருக்கிறது. யாருடைய திருவிழா இங்கே விரித்துரைக்கப்படுகிறதோ, அவர்களில் மிகச் சிலரே இதனைப் படிக்க முடியும். ஊர்ப் பெயரை மறைத்தது மக்களின் நன்மைக்காகவே என்பதை ஏற்கிறோம். ஆயினும் அம்மறைப்பால், போராடியவர்கள் தங்கள் போராட்டம் நூலேறியது என்று சொல்லிக்கொள்ளும் உரிமையையும் இழக்கின்றனர். அந்தக் குறையை அ. சிவசுப்பிரமணியனின் ‘கிறித்தவமும் சாதியும்’ என்ற தமிழ் நூலில் காண்பதற்கில்லை. சாதிக்கொரு பக்கமாகப் பிரிந்து வழிபட்ட வடக்கன்குளம் கோயிலையும், 1910இல் கௌசானல் அடிகளார் அகற்றிய சுவரையும், அதனையொட்டி எழுந்த வழக்கையும் அவர் ஊர்ப் பெயரோடும் ஆட்பெயரோடும் எழுதுகிறார். வடக்கன்குளத்தார் அதனை எடுத்துப் படிக்கலாம், மறுக்கவும் செய்யலாம்.

இரண்டாவது, செபம். நோயுற்ற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சந்தியாகப்பரின் முன் மண்டியிடும் ஒரு தாயின் உள்ளத்தில் நிகழ்வதை எந்த ஆய்வாளரும் குறிப்பேட்டில் எழுதிவிட முடியாது. இதனைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆயினும் வழிபாடு முழுவதையும் மரியாதைக் கணக்காகவே படித்துப் பழகிய மாணவர், கணக்கில் அடங்காதது ஒன்று அங்கே இருக்கிறது என்பதை மறந்துவிடலாம். எவன்ஸ் பிரிச்சர்டு நிறுத்திய இடத்தை அவர்கள் நினைவில் கொள்வது நலம்.

மூன்றாவது நம் துறையைச் சார்ந்தது. சாதியை உலகியல் வழக்கம் என்று பிரித்தது மறைப்பணியாளர் கையாண்ட உத்தி என்பதோடு ஆசிரியர் நிற்கிறார். மானிடவியலார் அதற்குமேல் செல்ல வேண்டியதில்லை. நாம் செல்ல வேண்டும். நற்கருணை மேசையைச் சுற்றி ‘உலகியல்’ என்று தனியாக ஒரு பகுதி உண்டா? கொரிந்து நகரில் வசதி படைத்தோர் முந்தி உண்ண, ஏழைகள் பசியோடு நின்றபோது, பவுலடியார் அதனை ஊர் வழக்கம் என்று விட்டுவிடவில்லை. அது ஆண்டவரின் விருந்தே ஆகாது என்று முதல் திருமுகத்தின் 11ஆம் அதிகாரத்தில் கடிந்துகொள்கிறார். யாக்கோபின் திருமுகம் 2ஆம் அதிகாரத்தில், தொழுகைக் கூடத்தில் செல்வனுக்கு நல்ல இருக்கையும் ஏழைக்குக் கால்மாட்டில் இடமும் தருவோரைக் கண்டிக்கிறது. ஆலபுரத்துச் சந்தியாகப்பர் செபதேயுவின் மகன். திருமுகத்தின் யாக்கோபு வேறொருவர் என்பதே மரபு. ஆயினும் அந்தப் பெயரைத் தாங்கிய திருமுகத்தைச் சந்தியாகப்பர் திருவிழாக்களில் எத்தனை மறையுரைகளில் எடுத்தாண்டிருக்கிறோம்? சாதி எல்லைகளைக் கோயிலுக்குள் அனுமதித்தது மேய்ப்புப்பணி உத்தியில் நேர்ந்த பிழை மட்டுமன்று. திருச்சபை எது என்பதிலேயே நேர்ந்த பிழை. இதனைச் சொல்லும் கடமையை மானிடவியலாரிடம் ஒப்படைத்துவிட்டு, அவர் சொல்லவில்லையே என்று குறைகூற முடியாது.

உள்ளிருந்து ஒரு குரல்

மோஸின் நூலைத் தனியாகப் படிப்பதைவிட, 1992இல் வெளிவந்த பாமாவின் ‘கருக்கு’ நூலோடு சேர்த்துப் படிப்பது பயன் தரும். துறவற வாழ்வில் சேர்ந்து, பின் அதனை விட்டு வெளியேறிய ஒரு தலித் பெண், தம் ஊரையும் மடத்தையும் தம் தெருவின் பேச்சுமொழியிலேயே எழுதிய தன்வரலாறு அது. லட்சுமி ஹோம்ஸ்ட்ரோமின் மொழிபெயர்ப்பில் 2000இல் ஆங்கிலத்துக்குச் சென்று இன்று பல பல்கலைக்கழகங்களில் பாடமாக இருக்கிறது. பனைமட்டையின் இருபுறமும் அறுக்கும் கருக்கைத் தலைப்பாக்கிய ஆசிரியர், எபிரேயர் திருமுகத்தில் இறைவாக்கு இருபுறமும் கூர்மையான வாளுக்கு ஒப்பிடப்படுவதை நினைவுகூர்கிறார்.

மோஸ் வெளியிலிருந்து வந்து பல்லாண்டு கேட்டும் கண்டும் எழுதினார். பாமாவோ பட்டதை எழுதினார். மோஸின் நூலில் நாம் ஒழுங்கமைவைக் காண்கிறோம். பாமாவின் நூலில் அவ்வொழுங்கமைவு ஒரு சிறுமியின்மேல் எவ்வாறு விழுகிறது என்பதைக் காண்கிறோம். ‘கருக்கு’ வெளிவந்தபோது நம்மவருள் பலர் அது திருச்சபையின் மானத்தைக் கெடுக்கிறது என்றனர். அப்போது குருமட மாணவராயிருந்த நாமும் அவ்வாறே பேசினோம். முழுவதும் படிக்காமலே பேசினோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆய்வு இல்லாததால் நேர்ந்த இழப்பு

இத்தகைய படிப்பால் யாருக்கு என்ன பயன் என்று கேட்போருக்கு ஒரு வழக்கை நினைவூட்ட விரும்புகிறோம். பட்டியல் சாதியினர் பற்றிய 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து சமயத்தைச் சாராதவரை அப்பட்டியலிலிருந்து விலக்கிற்று. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. சென்னைத் தெருவோரத்தில் செருப்புத் தைத்துப் பிழைத்த கிறிஸ்தவர் ஒருவர், பட்டியல் சாதியைச் சேர்ந்த பிற தொழிலாளருக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை தமக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றார். சூசை வழக்கு என்று அறியப்படும் அவ்வழக்கில் 1985இல் தீர்ப்பு அவருக்கு எதிராக அமைந்தது. மதம் மாறிய பின்னும் பழைய இழிவு அதே கடுமையோடு தொடர்கிறது என்பது நிறுவப்பட வேண்டும் என்றது நீதிமன்றம். கிறிஸ்தவ சமுதாயத்தின் இன்றைய நிலையை விளக்கும் விரிவான, நம்பத்தக்க ஆய்வு எதுவும் தன்முன் வைக்கப்படவில்லை என்றும் சுட்டிக்காட்டியது.

இதனை நாம் நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். நம் கோயில்களில் சாதி உண்டு என்பதை ஊரறியும்; நாமும் அறிவோம். ஆனால் அதனை ஆராய்ந்து எழுத நாம் முன்வரவில்லை. எழுதினால் மானம் போகும் என்று எண்ணினோம். நம் மானத்தைக் காத்துக்கொண்டதன் விலையை, தெருவோரத்தில் அமர்ந்து செருப்புத் தைத்த அந்த எளிய மனிதர் செலுத்தினார். பின்னர் 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதவேறுபாட்டை நீக்கப் பரிந்துரைத்தது. 2008இல் சதீஷ் தேஷ்பாண்டே என்ற சமூகவியலார், தலித் கிறிஸ்தவர், தலித் முஸ்லிம்கள் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துத் தேசியச் சிறுபான்மையினர் ஆணையத்துக்கு அறிக்கை அளித்தார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் கிறிஸ்தவர் மேம்பாட்டுக்கான கொள்கையை வெளியிட்டது. இக்கேள்வியை ஆராய முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் 2022இல் ஓர் ஆணையமும் அமைக்கப்பட்டது. எந்த ஆணையமும் முதலில் கேட்பது சான்றுகளையே. அவற்றைத் திரட்டுவோர் நம் பிள்ளைகளாக இருப்பது நல்லதல்லவா?

ஆவடியில் நாம்

இவை யாவும் தென் மாவட்டத்துக் கதைகள், ஆவடியில் இவ்வாறில்லை என்று வாசகர் சிலர் எண்ணக்கூடும். 1955இல் காங்கிரஸ் மாநாடு கூடிச் சமதர்மப் பாணிச் சமுதாயம் பற்றிய தீர்மானத்தை நிறைவேற்றிய ஊர் இது. 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை தோன்றிய பின், பல மாவட்டத்தாரும் பல மாநிலத்தாரும் குவார்ட்டர்ஸில் அடுத்தடுத்த வீடுகளில் குடியேறினர். பதவிக்கேற்ப வீடு கிடைத்தது; சாதி கேட்டுக் கொடுக்கவில்லை. நம் கோயிலிலும் யார் எங்கே அமர்வது என்ற வரிசை கிடையாது. அன்பியக் கூட்டங்களில் ஒரே பாயில் அமர்ந்து செபிக்கிறோம். இது சிறிய பேறன்று. இதற்காக இறைவனுக்கு நன்றி கூறுகிறோம்.

ஆனால் திருமண ஓலை வாசிக்கும்போது என்ன நிகழ்கிறது? முப்பதாண்டுகள் அடுத்தடுத்த வீட்டில் வாழ்ந்து, ஒரே அன்பியத்தில் செபித்த குடும்பங்கள், பிள்ளைகளுக்கு வரன் தேடும்போது முந்நூறு கல் தொலைவிலுள்ள சொந்த ஊருக்குச் செல்கின்றன. ஓலையில் சாதி எழுதப்படுவதில்லை. ஆயினும் இரண்டு பங்குகளின் பெயரைக் கேட்டவுடனே பலருக்கு அது விளங்கிவிடுகிறது. இதனை நாம் ஆராய்ந்து எழுதவில்லை. நூலைப் படித்த பின்னரே நம் கண்ணில் பட்டது என்பதை மட்டும் சொல்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குருவாகத் திருப்பொழிவு பெற்ற சில ஆண்டுகளில், தொலைவிலுள்ள ஒரு சிற்றூரில் பணியாற்றினோம். அங்கே கல்லறைத் தோட்டத்தின் நடுவே இடுப்பளவு உயரத்தில் ஒரு சுவர் இருந்தது. நவம்பர் 2ஆம் நாள் முதலில் ஒரு பக்கம் மந்திரிப்போம். பிறகு வெளியே வந்து, சுற்றிச் சென்று, மறுபக்கம் மந்திரிப்போம். நான்கு ஆண்டுகள் அவ்வாறே செய்தோம். அந்தச் சுவர் ஏன் என்று ஒருமுறை உபதேசியாரைக் கேட்டதற்கு, “அது அந்தக் காலத்திலிருந்தே இருக்கிறது, சாமி” என்றார். அந்த விடை நமக்குப் போதுமானதாயிருந்தது. உயிர்ப்பைப் பற்றிய இறையியலில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தோம். இறந்தோர் உயிர்த்தெழும் நம்பிக்கையை அச்சுவரின் இருபுறமும் நின்று அறிக்கையிட்டோம். ஒருமுறைகூட அதற்கு எதிராக வாய் திறக்கவில்லை.

மோஸின் நூலில் அந்த ஊர் இல்லை. நம் பெயரும் இல்லை. ஆனால் கண்டும் காணாமலும் கடந்து செல்லும் குருக்கள் அதில் வருகிறார்கள். அப்பக்கங்களைப் படித்த இரவில் அந்தச் சுவர் நினைவுக்கு வந்தது. எந்த ஆண்டுத் தியானமும் செய்யாத ஆன்மச் சோதனையை ஒரு மானிடவியல் நூல் நமக்குச் செய்வித்தது.

தந்தைக்கு நம் விடை

சென்ற மாதம் அத்தந்தை திருப்பலிக்குப் பின் நம்மைச் சந்தித்தார். மகள் முதல் ஆண்டை முடித்துவிட்டாளாம். இப்போது வீட்டில் கேள்விகள் மிகுதியாகிவிட்டன என்றார். என்ன கேள்விகள் என்றோம். “நம் ஊரில் நம் தெருவுக்குச் சப்பரம் வருமா என்று கேட்கிறாள், சாமி” என்றார். அவர் முகத்தைப் பார்த்தபோது, சப்பரம் வந்ததா இல்லையா என்று நாம் கேட்கத் துணியவில்லை. அவர் தாமாகவே சற்று நேரம் கழித்து, “வராது” என்றார். இதுவரை மகளிடம் இதனைச் சொன்னதில்லை என்றும் சொன்னார்.

“ஐயா, அவளிடம் சொல்லுங்கள், எழுதிக்கொள்ளட்டும்” என்றோம். அவளுடைய விசுவாசத்தைப் பற்றி அவர் மறுபடி கேட்கவில்லை. ஞாயிறுதோறும் அவள் திருப்பலிக்கு வருகிறாள்; வராமற்போகும் நாளும் ஒருவேளை வரலாம். அப்படி ஒரு நாள் வருமாயின், அதற்குப் பல்கலைக்கழகம் மட்டுமே காரணம் என்று நாம் சொல்லிவிட முடியாது. வராத சப்பரத்துக்கும் அதில் பங்கு உண்டு.

இந்த இதழை வாசிக்கும் பெற்றோர்க்கு நம் வேண்டுகோள் இது. உங்கள் பிள்ளைகள் சமூகவியலோ மானிடவியலோ பயில விரும்பினால் தடுக்க வேண்டாம். அவர்கள் கொண்டுவரும் நூல்களை நீங்களும் புரட்டிப் பாருங்கள். ஆங்கிலம் கடினமெனில் சிவசுப்பிரமணியனின் நூலையும் ‘கருக்கு’ நூலையும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர்த் திருவிழாவைப் பற்றி அவர்கள் கேட்கும்போது, நடந்ததை நடந்தவாறே சொல்லுங்கள். குருக்களாகிய நம்மிடமும் கேளுங்கள். அச்சுவரைப் பற்றி அந்தச் சிற்றூரின் இன்றைய பங்குத் தந்தைக்கு நாம் ஒரு மடல் எழுதியிருக்கிறோம். பதில் வந்தால் இவ்விதழ் வாசகர்களுக்குத் தெரிவிப்போம்.